டிகிரி முடித்த பிறகு மக்கள் தொடர்புத் துறை: நீலகிரி இளைஞர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஊட்டி அரசு கலைக் கல்லூரி, குன்னூர் பிராவிடன்ஸ், கூடலூர் அரசுக் கல்லூரி என்று எங்கே படித்திருந்தாலும் சரி, பட்டம் வாங்கிய கையோடு மலைப் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லப்படுவது டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு, இல்லாவிட்டால் பெங்களூரில் ஏதாவது ஒரு கம்பெனி. எழுத வரும், புதியவர்களிடம் பேசவும் தயக்கமில்லை என்கிற எத்தனையோ பேருக்கு, மக்கள் தொடர்பு என்று ஒரு தொழில் இருப்பதே தெரியாமல் போகிறது. மக்கள் தொடர்பைச் சுருக்கமாக பி.ஆர். (பப்ளிக் ரிலேஷன்ஸ்) என்பார்கள். பி.ஆர். என்றால் ஹோட்டல் வரவேற்பறையில் சிரித்த முகத்தோடு நிற்கிற வேலை என்று நினைக்கிறவர்களும் உண்டு.

இந்தத் துறையில் வேலை பார்த்தவள், புதியவர்களை வேலைக்கு எடுக்கும் பொறுப்பிலும் இருந்தவள் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். கோர்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால், உங்கள் ஊரிலேயே ஒரு சின்ன அமைப்புக்காக ஆறு மாதம் இந்த வேலையைச் செய்து பாருங்கள். இது உங்களுக்கு ஒத்துவருமா என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஒத்துவந்தால், வேலை கேட்டுப் போகும்போது காட்டுவதற்குக் கையில் ஏதாவது இருக்கும். அந்த ஆறு மாதத்தை எப்படிப் பயன்படுத்துவது, அப்புறம் எங்கே போவது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: வேலை என்னவென்று புரிந்துகொள்ளுங்கள்

ஊட்டியில் ஒரு ஹோட்டல் பணம் கொடுத்து நாளிதழில் அரைப் பக்கம் வாங்கினால் அது விளம்பரம். அதில் என்ன வர வேண்டும் என்பதை ஹோட்டலே முடிவு செய்யும். அதே ஹோட்டல் மழைநீரைச் சேமித்துக் கோடை முழுக்க லாரித் தண்ணீர் வாங்காமல் சமாளிக்கிறது என்று வையுங்கள். அதைக் கேள்விப்பட்டு நிருபர் நேரில் வந்து பார்த்து எழுதினால் அது செய்தி. அவருக்குத் தகவல் சொல்லி, தொட்டியைக் காட்டி, கணக்குப் புத்தகத்தை எடுத்து வைத்து, மேலாளரைப் பேச வைத்தவர் மக்கள் தொடர்பாளர். என்ன எழுத வேண்டும் என்பது கடைசி வரை நிருபர் கையில்தான். இதை ஏற்றுக்கொள்ள முடியாதவர்களுக்கு இந்தத் தொழில் சரிப்படாது.

நிருபர்களோடு பேசுவது இதில் ஒரு பகுதிதான். ஊழியர்களுக்குத் தகவல் சொல்வது, பக்கத்து ஊர்க்காரர்களின் புகாரைக் காதுகொடுத்துக் கேட்டு நிர்வாகத்திடம் சேர்ப்பது, அரசு அலுவலகங்களோடு கடிதப் போக்குவரத்து, சமூக ஊடகப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது, தலைவர் மேடையில் பேசப்போவதை எழுதித் தருவது எல்லாமே இதில் அடக்கம்.

இந்தத் தொழிலின் ஆரம்பத்திலேயே ஒரு ரயில் விபத்து இருக்கிறது. 1906 அக்டோபரில் அமெரிக்காவின் அட்லான்டிக் சிட்டியில் ரயில் கவிழ்ந்து 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விபத்து என்றால் வாயைத் திறக்காமல் இருப்பதே அன்றைய ரயில் கம்பெனிகளின் வழக்கம். அந்தக் கம்பெனிக்கு வேலை செய்த ஐவி லீ என்பவர், நடந்ததை கம்பெனியே எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுக்கச் செய்தார். முதல் செய்திக்குறிப்பு என்று பொதுவாகச் சொல்லப்படுவது அதுதான். மழைக்காலத்தில் கல்லார் பக்கம் தண்டவாளத்தில் மண் சரிந்து நம் மலை ரயில் நின்றுபோனால் ரயில்வே ஒரு அறிவிப்பு விடுகிறதே, அதைக் கவனித்துப் படியுங்கள். எந்தத் தேதி, எந்த ரயில், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை ரத்து, டிக்கெட் பணம் என்னாகும் என்று பயணிக்குத் தேவையானது மட்டும் அதில் இருக்கும். எழுதக் கற்றுக்கொள்ள நல்ல மாதிரி.

இந்தியாவில் இத்துறையினருக்கான சங்கமான பப்ளிக் ரிலேஷன்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா 1958இல் தொடங்கியது. 1968 ஏப்ரல் 21இல் டெல்லியில் நடந்த முதல் அகில இந்திய மாநாட்டில் தொழில் ஒழுக்கத்துக்கான விதிகளை ஏற்றுக்கொண்டார்கள். அதை நினைவுகூரும் வகையில் ஏப்ரல் 21 தேசிய மக்கள் தொடர்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. நேர்முகத் தேர்வில் இதைக் கேட்டாலும் கேட்பார்கள்.

படி 2: மலையில் இந்த வேலை எங்கெல்லாம் நடக்கிறது என்று பாருங்கள்

ஊட்டி கலெக்டர் அலுவலகத்தில் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகம் இருக்கிறது. கலெக்டர் ஆய்வு, நலத்திட்ட விழா, மழை எச்சரிக்கை என்று அங்கிருந்து தினமும் செய்திக்குறிப்பு போகிறது. குன்னூரில் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீ, கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் இணையமான இன்கோசர்வ், 1893இல் தொடங்கிய தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசி, தேயிலை வாரிய அலுவலகம், தடுப்பூசி தயாரிக்கும் பாஸ்டர் நிறுவனம் எல்லாம் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கின்றன. கோத்தகிரியில் தேன், காடு, பழங்குடி மக்கள் வாழ்வாதாரம் என்று வேலை செய்யும் தொண்டு நிறுவனங்கள் இருக்கின்றன. இவை போக ஹோட்டல்கள், உறைவிடப் பள்ளிகள், மருத்துவமனைகள், சிறு தேயிலை விவசாயிகள் சங்கங்கள்.

பெரிய இடங்களில் இதற்கென்று ஆள் இருப்பார். சின்ன இடங்களில் செயலாளரோ மேலாளரோ, நேரம் கிடைத்தால் பார்த்துக்கொள்வார். உங்களுக்கு இடம் கிடைக்கப்போவது அங்கேதான்.

படி 3: ஒரு மாதம் நாளிதழ்களை மக்கள் தொடர்பாளரின் கண்ணோடு படியுங்கள்

நீலகிரிச் செய்திகள் பெரும்பாலும் கோவைப் பதிப்பில் வரும். குறைந்தது இரண்டு தமிழ் நாளிதழ், ஒரு ஆங்கில நாளிதழ் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு உள்ளூர்ச் செய்தியையும் பார்த்து, இது நிருபருக்கு எப்படிக் கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பக்கத்தில் எழுதுங்கள். செய்திக்குறிப்பு, பிரஸ் மீட், போலீஸ் தகவல், கோர்ட், நிருபர் தானே தேடிப் பிடித்தது. ஒரே நிகழ்ச்சியை இரண்டு நாளிதழ்கள் ஒரே வரியில் தொடங்கியிருந்தால், அந்த வரி செய்திக்குறிப்பிலிருந்து வந்திருக்கும் என்று தெரிந்துகொள்ளலாம். எந்த நிருபர் தேயிலை விலையைத் தொடர்ந்து எழுதுகிறார், யாருக்கு யானை வழித்தடம் பற்றி ஆழமாகத் தெரியும், யார் சுற்றுலாவில் அக்கறை உள்ளவர் என்பதெல்லாம் மாத முடிவில் உங்கள் நோட்டில் இருக்க வேண்டும். பல நிறுவனங்களுக்கு மக்கள் தொடர்பு வேலையைச் செய்து தரும் ஏஜென்சிகள் மீடியா லிஸ்ட் என்று சொல்வது இதைத்தான்.

இந்த ஒரு மாதம் அலுத்துப்போனால், மனதைத் தொட்டுக் கேட்டுப் பாருங்கள். சென்னை ஏஜென்சியில் சேரும் புதியவரின் முதல் வேலை, காலையில் எல்லாருக்கும் முன்னால் நாளிதழ்களைப் பார்த்து கிளையன்ட், அதாவது வேலை கொடுத்த நிறுவனம் பற்றி என்ன வந்திருக்கிறது என்று தொகுத்து அனுப்புவது. அங்கே அது மாதக்கணக்கில் நடக்கும்.

படி 4: செய்திக்குறிப்பு எழுதப் பழகுங்கள்

மொத்த வழிகாட்டியிலும் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. ஒரு கற்பனை உதாரணம்: கோத்தகிரியில் ஒரு மகளிர் சுயஉதவிக் குழு சந்தையில் துணிப்பைத் திட்டம் தொடங்குகிறது. பெரும்பாலானவர்கள் இப்படித்தான் எழுதுவார்கள்:

“சுற்றுச்சூழல் பாதுகாப்பை நோக்கமாகக் கொண்டு செயல்பட்டு வரும் எங்கள் குழுவின் சார்பில் மாபெரும் விழிப்புணர்வுத் திட்டத் தொடக்க விழா சீரும் சிறப்புமாக நடைபெற உள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.”

இதில் நிருபருக்கு எதுவுமே கிடைக்கவில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

“கோத்தகிரி சந்தைக்குப் பை கொண்டுவராமல் வருபவர்கள் வரும் சந்தை நாள் முதல் 10 ரூபாய் முன்பணம் கொடுத்துத் துணிப்பை வாங்கிக்கொள்ளலாம். பையைத் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பக் கிடைக்கும். இங்குள்ள மகளிர் சுயஉதவிக் குழு ஒன்று இதைத் தொடங்குகிறது.”

இரண்டாவது பத்தியில் எத்தனை பைகள், யார் தைத்தது, துணி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லுங்கள். மூன்றாவதில் குழுத் தலைவி தன் வாயால் சொன்ன ஒரு வாக்கியம். அவர் பேசுகிற மாதிரியே இருக்கட்டும். நீங்களே எழுதி அவர் பெயரில் போடாதீர்கள். அப்புறம் பின்னணி: 2019இல் மாநிலம் முழுக்கத் தடை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நீலகிரியில் பிளாஸ்டிக்கைத் தடுக்கும் முயற்சி தொடங்கிவிட்டது. கடைசியில் தொடர்புக்கு ஒரு பெயர், ஒரு எண். அந்த எண்ணில் கூப்பிட்டால் எடுக்கிற ஆள் இருக்க வேண்டும். கோடநாடு போய் சிக்னல் இல்லாமல் மாட்டிக்கொள்கிறவரின் எண்ணைப் போடக் கூடாது. எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம். யூனிகோடில் தட்டச்சு செய்து, மின்னஞ்சலிலேயே ஒட்டி அனுப்புங்கள். ஸ்கேன் செய்த கடிதம் வந்தால் நாளிதழ் அலுவலகத்தின் செய்தி டெஸ்க்கில் இருப்பவர் அதை மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். வேலை நெருக்கடியில் அது ஓரமாகப் போய்விடும்.

புகைப்படத்தில் ஆட்கள் வரிசையாக நின்று கேமராவைப் பார்ப்பதைவிட, ஒரு பாட்டி பையில் கேரட் போடுகிற படம் மேல். படத்தில் இருப்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாக, எழுத்துப் பிழையில்லாமல் எழுதுங்கள். ஒருவர் பெயரைத் தவறாகப் போட்டுவிட்டால் அந்தக் குழுவே உங்களை நம்பாது.

இதையே ஆங்கிலத்திலும் எழுதுங்கள், ஆனால் தமிழை வைத்து மொழிபெயர்க்காதீர்கள். ஆங்கில நாளிதழ் வாசகர் கோத்தகிரியைப் பார்த்திருக்க மாட்டார். அவருக்கு வேறு இடத்திலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு மொழியிலும் உயிரோடு எழுதத் தெரிந்தவர்களுக்கு ஏஜென்சிகளில் நல்ல மதிப்பு உண்டு. படுகு மொழியோ, கூடலூர்ப் பக்கம் புழங்கும் மலையாளமோ கூடத் தெரிந்தால் அதையும் பயோடேட்டாவில் போடுங்கள்.

படி 5: ஆறு மாதத்துக்கு ஒரு அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்

உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த, நீங்கள் மதிக்கிற அமைப்பாக இருக்கட்டும். அப்பா உறுப்பினராக இருக்கிற சிறு தேயிலை விவசாயிகள் சங்கம், நீங்கள் படித்த பள்ளி, ஊர் நூலகம், ஒரு ஹோம்ஸ்டே. பொறுப்பாளரிடம் போய், வாரம் இத்தனை மணி நேரம் வருகிறேன், மாதம் இரண்டு செய்திக்குறிப்பு எழுதித் தருகிறேன், சமூக ஊடகப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று தெளிவாகச் சொல்லுங்கள். போக்குவரத்துச் செலவையாவது கேட்டு வாங்குங்கள். லாபத்துக்கு நடக்கும் தொழிலாக இருந்தால் சம்பளம் கேளுங்கள், கொஞ்சமாக இருந்தாலும் பரவாயில்லை. முடிவில் அனுபவச் சான்றிதழ் வேண்டும் என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள்.

எழுதத் தொடங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டும். விவசாயிகள் சங்கம் என்றால் பசுந்தேயிலை கிலோவுக்கு என்ன விலை கிடைக்கிறது, பறிகூலி போக என்ன மிஞ்சுகிறது, குன்னூர் தேயிலை ஏலத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஒரு வரி எழுத முடியாது. 2023இல் பசுந்தேயிலைக்கு நியாய விலை கேட்டுக் கோத்தகிரிப் பக்கம் நடந்த தொடர் உண்ணாவிரதத்தைப் பற்றிய செய்திகளை எடுத்துப் படியுங்கள். விவசாயிகளின் கணக்கை விளக்கமாகச் சொன்ன செய்திகளையும், கூட்டம் கூடியது என்று மட்டும் சொன்ன செய்திகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நிருபருக்கு நல்ல தகவல் கொடுக்க ஆள் இருப்பது ஏன் முக்கியம் என்று புரியும்.

ஹோட்டலோ ஹோம்ஸ்டேயோ என்றால் இன்னொரு வகைப் பாடம். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் வர இ-பாஸ் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நடைமுறை வந்தது. இ-பாஸ் கிடைக்குமா, அரசுப் பேருந்தில் வந்தால் தேவையா என்று விருந்தினர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அதற்கு எளிமையான ஒரு பக்க விளக்கம் எழுதி, விதி மாறும்போதெல்லாம் திருத்தி வைப்பதும் மக்கள் தொடர்பு வேலைதான். யூடியூபர்களை இலவசமாகத் தங்க வைத்து வீடியோ போடச் சொல்லும் பழக்கமும் மலையில் நிறைய. அப்படிச் செய்தால் அது விளம்பரம் என்று அவர் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். விளம்பரத் தர நிர்ணய அமைப்பான ஆஸ்கி 2021இலேயே இதற்கு விதி கொண்டுவந்துவிட்டது. உரிமையாளருக்கு இதை எடுத்துச் சொல்வது உங்கள் பொறுப்பு.

படி 6: நிருபர்களிடம் பழகுங்கள்

மாவட்ட நிருபர் ஒருவரே யானை, தேயிலை, கொலை வழக்கு, மந்திரி வருகை எல்லாவற்றையும் பார்ப்பார். சாயங்காலம் அவர் செய்தி அனுப்பும் நேரத்தில் கூப்பிடாதீர்கள். நிகழ்ச்சியைக் காலையில் வையுங்கள். கூடலூரிலோ மஞ்சூரிலோ நடத்தினால் ஊட்டியிலிருந்து வந்து திரும்ப எவ்வளவு நேரமாகும் என்று யோசித்து, வண்டி ஏற்பாடு வேண்டுமா என்று முன்னாலேயே கேளுங்கள்.

முதல் தடவை செய்தியோடு போகாமல் சும்மா அறிமுகம் செய்துகொள்ளுங்கள். அவர் எழுதியதில் ஒன்றைப் படித்துவிட்டுப் போங்கள். அனுப்பிய செய்தி வராவிட்டால் ஒரு தடவை கேட்கலாம், மல்லுக்கு நிற்கக் கூடாது. அவர் கேட்ட தகவல் உங்களிடம் இல்லையென்றால், இத்தனை மணிக்குள் விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லி, அந்த மணிக்குள் சொல்லுங்கள்.

கவர் கொடுக்கிற பழக்கம் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிரஸ் மீட்டில் பணம் வைத்துக் கொடுத்தால்தான் செய்தி வரும் என்று யாராவது உங்களுக்குக் கற்றுக்கொடுப்பார்கள். செய்யாதீர்கள். பணத்துக்கு வந்த செய்தியால் உங்கள் அமைப்புக்கு ஒரு நம்பிக்கையும் கூடாது, நேர்மையான நிருபர்கள் உங்களை விட்டு விலகிவிடுவார்கள். ஒரு வாய் சாப்பாடும் டீயும் போதும்.

படி 7: நெருக்கடி நேரத்தில் எப்படிப் பேசுவது என்று படியுங்கள்

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் மலை முழுக்க மூழ்கிவிட்டது போல வாட்ஸ்அப்பில் பழைய வீடியோக்கள் சுற்றும். ஒரு ஹோட்டல் அப்போது ‘எல்லாம் நலம், வாருங்கள்’ என்று போட்டால் அது பொறுப்பற்ற செயல். எந்தச் சாலை மூடியிருக்கிறது, எது திறந்திருக்கிறது, இந்தத் தகவல் எத்தனை மணி நிலவரம், அறையை ரத்து செய்தால் பணம் எப்படித் திரும்பும் என்று சொன்னால், அந்த வாரம் வராதவர்கூட அடுத்த சீசனில் அதே ஹோட்டலுக்கு வருவார்.

2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தளபதி விபின் ராவத் வந்த ஹெலிகாப்டர் விழுந்தது. அன்று மதியம் முதல் எல்லார் போனிலும் விதவிதமான வதந்திகள். விமானப் படை முதலில் விபத்து நடந்தது, விசாரணைக்கு உத்தரவிடப்பட்டிருக்கிறது என்று மட்டும் சொன்னது. இறப்பை மாலையில்தான் உறுதி செய்தது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்ல வேண்டும், குடும்பத்துக்குத் தெரியாமல் ஊருக்குச் சொல்லக் கூடாது. நிருபர்கள் எவ்வளவு நெருக்கினாலும் இதில் தளரக் கூடாது.

இதையெல்லாம்விடக் கடினமானது, தவறு நம் பக்கம் என்று குற்றம் சாட்டப்படும் நிலை. கொடைக்கானலில் இந்துஸ்தான் யூனிலீவரின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை பாதரசக் கழிவுப் பிரச்சினையில் 2001இல் மூடப்பட்டது. உடல்நலப் பாதிப்புக்கு நிவாரணம் கேட்டு முன்னாள் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2015இல் ஒரு ராப் பாடல் வீடியோ இணையத்தில் பரவி உலகத்தின் கவனத்தை அங்கே திருப்பியது. 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. பதினைந்து ஆண்டு காலத்தில் எத்தனை அறிக்கைகள் எழுதப்பட்டிருந்தாலும், பாதிக்கப்பட்டோம் என்கிறவர்களோடு உட்கார்ந்து பேசி முடிக்கும் வரை அது ஓயவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் நீங்கள் வேலை பார்த்தால், வெளியே அறிக்கை எழுதுவதற்கு முன்னால் நிர்வாகத்தின் அறைக்குள் போய், மக்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை மழுப்பாமல் சொல்லும் தைரியம் வேண்டும். பொய் சொல்லச் சொன்னால் மறுக்கவும் வேண்டும். நான் இந்தத் தொழிலை மதிப்பதே, அந்த அறைக்குள் மக்களின் குரலாக ஒருவர் இருக்க முடியும் என்பதால்தான்.

படி 8: படிப்பா, நேராக வேலையா?

எந்தப் பட்டம் இருந்தாலும் இந்தத் துறைக்கு வரலாம். மேலே படிக்க நினைத்தால் பக்கத்தில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும், சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இதழியல், தொடர்பியல் படிப்புகள் உண்டு. டெல்லியில் இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனமான ஐஐஎம்சியில் விளம்பரத்துக்கும் மக்கள் தொடர்புக்கும் தனி முதுநிலை டிப்ளமோ இருக்கிறது. அரசுப் பக்கம் போக விரும்பினால், யுபிஎஸ்சி சிவில் சர்வீஸ் தேர்வு வழியாக இந்தியத் தகவல் பணிக்குப் போகலாம். வார இறுதியில் நடத்தி, வேலை உறுதி என்று சொல்லிப் பெரிய தொகை கேட்கும் சான்றிதழ் கோர்ஸ்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. வீட்டுச் சூழல் இடம் கொடுக்காதவர்கள் நேராக வேலைக்குப் போய்விட்டு அப்புறம் படிக்கலாம். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

படி 9: வேலை கேட்டுப் போவது

ஏஜென்சியில் சேர்ந்தால் ஒரே நேரத்தில் பல கிளையன்ட்களின் வேலை வரும். கற்றுக்கொள்வது வேகமாக நடக்கும், நேரம் காலம் பார்க்க முடியாது. ஒரு நிறுவனத்துக்குள்ளேயே சேர்ந்தால் ஒரு துறையை ஆழமாகத் தெரிந்துகொள்ளலாம். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஏஜென்சியைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

பயோடேட்டாவோடு ஒரு ஃபைல் கொண்டுபோங்கள். நீங்கள் எழுதிய செய்திக்குறிப்புகளில் சிறந்த நான்கைந்து, அவற்றால் வந்த செய்திகளின் கிளிப்பிங், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. செய்தி வந்த இடத்தின் விளம்பரக் கட்டணத்தைக் கணக்குப் போட்டு ‘இத்தனை லட்சம் மதிப்பு’ என்று காட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. மக்கள் தொடர்பு வேலையின் பலனை எப்படி அளப்பது என்று 2010இல் வந்த பார்சிலோனா கோட்பாடுகள் அந்தக் கணக்கு செல்லாது என்று சொல்லிவிட்டன. செய்தியைப் பார்த்து எத்தனை பேர் துணிப்பை வாங்கினார்கள் என்பதைக் காட்டுங்கள்.

நேர்முகத் தேர்வில் பெரும்பாலும் அங்கேயே உட்கார வைத்து ஒரு செய்திக்குறிப்பு எழுதச் சொல்வார்கள். நீங்களும் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். பயிற்சிக் காலம் எவ்வளவு, அதில் சம்பளம் உண்டா, எந்தெந்தக் கிளையன்ட்களுக்கு வேலை செய்ய வேண்டும். சென்னையிலும் பெங்களூரிலும் ஹாஸ்டல் செலவைக் கணக்குப் பார்க்காமல் சம்பளத்துக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எப்போது தொடங்குவது என்று கேட்டால், ஜனவரிக் கடைசி சரியான நேரம். ஏப்ரலும் மேயும் மலையில் சீசன். கோத்தகிரியில் காய்கறிக் கண்காட்சி, கூடலூரில் வாசனைத் திரவியக் கண்காட்சி, ஊட்டியில் ரோஜா, மலர்க் கண்காட்சிகள், குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி என்று அடுத்தடுத்து வரும். வெளியூர் நிருபர்களும் அப்போது மேலே வருவார்கள். பிப்ரவரியிலேயே உங்கள் அமைப்பைப் பற்றி என்ன சொல்லலாம் என்று தயாராகிவிட்டால், அந்த இரண்டு மாதத்தில் நாலைந்து செய்தியாவது வெளிவரும். ஜூனில் மழை பிடித்ததும் சாலை, மண்சரிவு, ரத்து என்று வேறு மாதிரி வேலை வரும். ஜூலைக் கடைசியில் ஃபைலைத் தயார் செய்து கோவை, சென்னை, பெங்களூர் ஏஜென்சிகளுக்கு அனுப்புங்கள்.